ஆப்பிரிக்க முந்திரி: இயந்திரம் போதாது, பருவப் பணம் வேண்டும்

பண்ருட்டி வட்டாரத்தில் உடைபடும் முந்திரிக்கொட்டை எல்லாம் கடலூர் மாவட்டத்துச் செம்மண்ணில் விளைந்தது அல்ல. தூத்துக்குடித் துறைமுகத்தில் இறங்கி லாரியில் வரும் மூட்டைகளும் அதில் உண்டு. அவை ஐவரி கோஸ்ட், பெனின், கினி-பிசாவ், தான்சானியா, மொசாம்பிக் போன்ற ஆப்பிரிக்க நாடுகளில் விளைந்தவை. அங்கும் முந்திரி பெரும் பண்ணைப் பயிர் அல்ல. சில ஏக்கர் தோப்பு வைத்திருக்கும் சிறு விவசாயக் குடும்பங்கள் மரத்தடியில் விழுந்ததைப் பொறுக்கி, பழத்தைத் திருகி எடுத்துவிட்டு, கொட்டையைக் காயவைத்து வியாபாரியிடம் போடுகின்றன. இந்திய ஆலைகளுக்கு வேண்டிய கொட்டையில் ஏறத்தாழப் பாதி இவ்வாறு வெளியிலிருந்து வருவதுதான்.

மரம் இரு நாட்டாருக்கும் சொந்த மரம் இல்லை. பிரேசிலில் இருந்த இதைப் போர்த்துக்கீசியர் 16-ஆம் நூற்றாண்டில் இந்திய மேற்குக் கரைக்கும் மொசாம்பிக்குக்கும் கொண்டுவந்தனர். ஆனால் மரம் இரண்டு கரைகளிலும் வேரூன்றியபின் நடந்த கதை வேறு வேறு. கொல்லத்திலும் பின்னர் கன்னியாகுமரி, கடலூர் பகுதிகளிலும் கொட்டையை உடைத்துப் பருப்பாக்கும் தொழில் வளர்ந்தது. ஆப்பிரிக்காவில் கொட்டை மட்டும் விளைந்தது. இரண்டாம் உலகப் போருக்கு முன்பிருந்தே அது கப்பலேறி இங்கு வந்துகொண்டிருக்கிறது.

இன்று உலகில் விளையும் முந்திரிக்கொட்டையில் பாதிக்கு மேல் ஆப்பிரிக்காவில் விளைகிறது. அதில் 15 சதவிகிதத்துக்கும் குறைவாகவே அந்தக் கண்டத்தில் உடைக்கப்படுகிறது என்று ஐக்கிய நாடுகளின் வர்த்தக வளர்ச்சி அமைப்பு 2021-இல் கூறியது. மீதி எல்லாம் வியட்நாமுக்கும் இந்தியாவுக்கும் போகிறது. 4 முதல் 5 கிலோ கொட்டை உடைத்தால் 1 கிலோ பருப்பு கிடைக்கும். ஆகவே கப்பலில் ஏறும் எடையில் பெரும்பகுதி ஓடுதான். வேலையும் கூலியும் கூட அந்த ஓட்டோடு சேர்ந்து நாட்டைவிட்டுப் போய்விடுகின்றன.

ஆப்பிரிக்காவில் சிறு தொழில் செய்பவர்களைத் தூக்கிவிட வேண்டும் என்று பேசாத பன்னாட்டு நிறுவனம் இன்று இல்லை. பயிற்சி முகாம் நடத்துகிறார்கள், போட்டி வைத்துப் பரிசு கொடுக்கிறார்கள், இயந்திரத்தை இலவசமாக இறக்கித் தருகிறார்கள். இவற்றால் பயனே இல்லை என்று சொல்வது நியாயமல்ல. ஆனால் முந்திரித் தொழிலின் கணக்கை எடுத்துப் பார்த்தால், சிறு ஆலைக்காரர் விழும் இடம் வேறு, உதவி போய்ச் சேரும் இடம் வேறு என்பது தெரியவரும்.

மொசாம்பிக் கண்ட அனுபவம்

1970களின் தொடக்கத்தில் முந்திரி விளைச்சலில் மொசாம்பிக் உலகிலேயே முதலிடத்தில் இருந்தது. ஆண்டுக்கு 2 லட்சம் டன்னுக்கு மேல் கொட்டை சேகரமாயிற்று. அங்கேயே பெரிய ஆலைகளும் இருந்தன. 1975-இல் விடுதலை வந்தது. 1977 முதல் 1992 வரை உள்நாட்டுப் போர். தோப்புக்குப் போகவே மக்கள் அஞ்சிய காலம் அது. சாலையும் கடையும் அழிந்தன. மரங்களுக்கு வயதாயிற்று, சாம்பல் நோய் பூவைக் கருக்கிற்று.

போர் ஓய்ந்தபின் அரசு ஆலைகளைத் தனியாருக்கு விற்றது. வாங்கியவர்களில் பலர் உள்ளூர்க்காரர்களே. அந்தச் சமயத்தில்தான் உலக வங்கி ஒரு நிபந்தனை விதித்தது: கொட்டை ஏற்றுமதிக்குப் போட்டிருந்த வரியைக் குறைக்க வேண்டும். வங்கியின் வாதம் கேட்பதற்குச் சரியாகவே இருந்தது. ஏற்றுமதிக்கு வரி போட்டால் உள்ளூரில் கொட்டை விலை இறங்கும். ஆலை முதலாளிக்கு மலிவாகக் கிடைக்கும். நட்டம் ஏழை விவசாயிக்கு. வரியை எடுத்துவிட்டால் அந்தப் பணம் விவசாயியின் கைக்குப் போகும் என்றது. 1990களின் நடுவில் வரி படிப்படியாகக் குறைக்கப்பட்டது.

நடந்தது என்ன? கொட்டை கப்பலேறியது. அண்மையில்தான் கை மாறிய ஆலைகள் கொட்டை கிடைக்காமல் ஒன்றன்பின் ஒன்றாக மூடின. பல ஆயிரம் தொழிலாளர் வீட்டுக்குப் போனார்கள். அவர்களில் பெண்கள் ஏராளம். விவசாயிக்குக் கிடைத்தது எவ்வளவு? மார்கரெட் மக்மில்லன், டானி ரோட்ரிக், கரென் ஹார்ன் வெல்ச் என்ற மூன்று பொருளாதார அறிஞர்கள் 2002-இல் கணக்குப் போட்டார்கள். சராசரி முந்திரி விவசாயக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 டாலர் 30 சென்டுக்கு மேல் கிடைக்கவில்லை என்பது அவர்கள் கண்ட முடிவு. மீதி இடையில் நின்ற வியாபாரிகள் கையில் தங்கியது. உள்ளூர் ஆலை ஒழிந்தபின் கொட்டையை வாங்க வெளிநாட்டு ஆலைகளுக்கான ஏற்றுமதியாளர் மட்டும்தான் மிஞ்சினார். ஒரே ஆள் வாங்கும் சந்தையில் விலை எப்படி இருக்கும் என்பதைக் கரும்பு விவசாயிக்கும் பருத்தி விவசாயிக்கும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வரி வேண்டும் என்பதற்கோ கூடாது என்பதற்கோ மட்டும் இதைச் சாட்சியாகக் காட்டுவது போதாது. வரி இருந்தபோது ஆலைகள் சிறப்பாக நடந்தன என்று கூறவும் முடியாது; பழைய இயந்திரங்களும் உடைந்த பருப்பும்தான் அங்கு மிகுதி. கவனிக்க வேண்டியது வேறு. தோப்பு உள்ள ஊரில் வாங்குபவர் இருவர் இருந்தால் விவசாயி பேரம் பேசலாம். அந்த இரண்டாவது ஆள் பெரும்பாலும் உள்ளூர்ச் சிறு ஆலைக்காரராகவே இருப்பார்.

தான்சானியா செய்த தவறு இதற்கு நேர் எதிரானது. அங்கு 1970களில் கடன் வாங்கி, இத்தாலிய, ஜப்பானிய இயந்திரங்களுடன் பெரிய பெரிய ஆலைகளைக் கட்டினார்கள். அதே காலத்தில் மக்களைச் சிதறிய குடியிருப்புகளிலிருந்து புதிய கிராமங்களுக்குக் குடிபெயர்த்தார்கள். தோப்பு ஓரிடம், வீடு ஓரிடம் என்றாயிற்று. 1973-74-இல் ஏறத்தாழ 1,45,000 டன்னாக இருந்த விளைச்சல் 1986-87-இல் 20,000 டன்னுக்கும் கீழே போயிற்று. ஆலைகளில் பெரும்பாலானவை பூட்டியே கிடந்தன. கொட்டையைப் பற்றி நினைக்காமல் இயந்திரத்தைப் பற்றி மட்டும் நினைத்ததன் விளைவு.

சிறு ஆலை வந்த விதம்

2000-க்குப் பிறகு மொசாம்பிக்கின் வடபகுதியான நம்பூலா மாகாணத்தில் புதிய வகை ஆலைகள் தோன்றின. இவை பெரிய இயந்திர ஆலைகள் அல்ல. கொட்டையை ஆவியில் வேகவைத்து, கையாலும் காலாலும் இயக்கும் வெட்டுக் கருவியில் வைத்து உடைத்து, சூட்டறையில் உலர்த்தி, தோலைக் கையால் நீக்கித் தரம் பிரிப்பவை. கொல்லத்திலும் கன்னியாகுமரியிலும் 'போர்மா' என்று சொல்லப்படும் சூட்டறையும் இந்த வெட்டுக் கருவியும் இந்தியத் தொழிலாளர் நன்கு அறிந்தவை. கொதிகலனுக்கு விறகு வாங்க வேண்டியதில்லை. உடைத்த ஓடே எரிபொருள். டெக்னோசெர்வ் என்ற தொண்டு நிறுவனம் திட்டம் தயாரிக்கவும் கடன் பெறவும் இவர்களுக்குத் துணைநின்றது. 1999-இல் நிறைவேறிய சட்டம் கொட்டை ஏற்றுமதி வரியை மறுபடியும் 18 முதல் 22 சதவிகிதம் வரை உயர்த்தியதும் உதவியாயிற்று.

இந்த ஆலைகள் முதலில் சந்தித்த தொல்லை, வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குப் புலப்படாத ஒன்று. ஏற்றுமதிப் பருப்பு 50 பவுண்டு பெட்டிகளில் போகிறது. 20 அடிக் கொள்கலன் ஒன்றில் 700 பெட்டி, அதாவது ஏறத்தாழ 16 டன் அடங்கும். வாங்குபவர் ஒரே தரத்தில் முழுக் கொள்கலன் கேட்பார். நாளொன்றுக்கு 1 டன் கொட்டை உடைக்கும் சிறு ஆலையில் கிடைக்கும் பருப்பு ஏறத்தாழ 220 கிலோ. அதில் முழுப்பருப்பு, பிளவு, துண்டு, குருணை என்று பல தரம். பவுண்டுக்கு 320 நிற்கும் முழு வெள்ளைப் பருப்பு மூன்றில் ஒரு பங்கு தேறுவதாக வைத்துக்கொண்டாலும் நாளைக்கு 73 கிலோதான். 16 டன் சேர 200 நாளுக்கு மேல் ஆகும். ஆறேழு மாதம் சரக்கைக் கட்டிவைத்துக் காத்திருக்கச் சிறு முதலாளியால் ஆகுமா?

அதற்கு அவர்கள் கண்ட வழி கூட்டுச் சந்தை. பல ஆலைகள் ஒன்றுசேர்ந்து தங்களுக்கென ஒரு பொது அமைப்பை வைத்தன. ஒவ்வோர் ஆலையின் சரக்கையும் அது ஒரே அளவுகோலில் சோதித்து, ஒரே பெயரில் கட்டி, கொள்கலனை நிரப்பி அனுப்பியது. வாங்குபவர் ஒருவரோடு பேசினால் போதும். ஆலைகளுக்கும் வாரக்கணக்கில் பணம் திரும்பியது. இலவச இயந்திரம் பத்து கொடுப்பதைவிட இப்படிப்பட்ட ஓர் அமைப்பு இரண்டு ஆண்டு தள்ளாடாமல் நடக்கத் துணைநிற்பது பெரிய உதவி. ஆனால் அதைப் படம் பிடித்துப் போட முடியாது என்பதாலோ என்னவோ, உதவுபவர்களுக்கு அதில் ஆர்வம் குறைவு.

பணம் எப்போது வேண்டும்?

எல்லாவற்றையும்விடப் பெரிய தொல்லை பருவப் பணம். முந்திரிக்கொட்டை ஆண்டு முழுவதும் கிடைப்பதில்லை. மேற்கு ஆப்பிரிக்காவில் பிப்ரவரி முதல் ஜூன் வரை. மொசாம்பிக், தான்சானியாவில் அக்டோபர் முதல் பிப்ரவரி வரை. அந்தச் சில மாதங்களுக்குள், அதிலும் நல்ல காய்ந்த கொட்டை வரும் முதல் இரண்டு மூன்று மாதங்களில், ஆண்டு முழுவதும் உடைக்க வேண்டியதை வாங்கிக் கிடங்கில் போட்டாக வேண்டும். இல்லாவிட்டால் ஆறாம் மாதத்தில் ஆலை நிற்கும். பழகிய பெண்கள் வேறு வேலைக்குப் போவார்கள். கொட்டையை உடையாமல் பிளக்கும் கை பழக மாதக்கணக்காகும். மறு ஆண்டு புதிய கையோடு தொடங்கினால் பருப்பில் பாதி துண்டாகிவிடும். துண்டுக்கு முழுப்பருப்பின் விலை கிடையாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நாளொன்றுக்கு 1 டன் வீதம் 300 நாள் ஓடும் ஆலைக்கு 300 டன் கொட்டை வேண்டும். கிலோ 80 ரூபாய் என்று பேச்சுக்கு வைத்துக்கொண்டால் 2 கோடியே 40 லட்சம் ரூபாய். இதைச் சில வாரங்களில் ரொக்கமாக எடுத்து வைக்க வேண்டும். விவசாயியோ அவர் ஊர்த் தரகரோ கடனுக்குக் கொட்டை போடமாட்டார். சரக்கு மாதந்தோறும் விற்றுக் குறைவதால் ஆண்டில் சராசரியாகப் பாதிப் பணம் கடனில் நிற்கும். மொசாம்பிக்கில் வங்கி வட்டி ஆண்டுக்கு 20 சதவிகிதத்தைத் தாண்டிய ஆண்டுகள் பல. அந்த வட்டியில் 24 லட்சம் ரூபாய் வட்டிக்கே போகிறது. 9 சதவிகித வட்டியில் வாங்கும் போட்டியாளருக்கு ஆவது 10 லட்சத்து 80 ஆயிரம். வேறுபாடு கிலோ கொட்டைக்கு 4 ரூபாய் 40 காசு. பருப்பில் பார்த்தால் கிலோவுக்கு ஏறத்தாழ 20 ரூபாய். கூலி குறைவு, கொட்டை பக்கத்திலேயே கிடைக்கிறது என்ற அனுகூலத்தில் பெரும்பகுதியை இந்த வட்டியே தின்றுவிடுகிறது.

இதுவும் கடன் கிடைத்தால்தான். கிடங்கில் இருக்கும் கொட்டையை ஈடாக ஏற்க வங்கிகள் தயங்குகின்றன. நிலத்துக்குப் பட்டா இல்லாத நாட்டில் வேறு ஈடு கொடுக்கவும் வழியில்லை. மொசாம்பிக் சட்டத்தில் கொட்டையை முதலில் வாங்கும் உரிமை உள்ளூர் ஆலைக்கு உண்டு. உரிமை இருந்தென்ன, பணத்தோடு நிற்பவன் ஏற்றுமதி வியாபாரி. தான்சானியாவில் 2007-08 பருவத்திலிருந்து கிடங்கு ரசீது முறை வந்தது. விவசாயி கூட்டுறவுச் சங்கத்தின் வழியாகக் கொட்டையைக் கிடங்கில் சேர்த்து ரசீது பெறுவார்; பின் ஏலம் நடக்கும். வாசலில் வந்து எடைக்கல்லில் ஏமாற்றிய தரகரிடமிருந்து விவசாயியைக் காக்க இது நல்ல முறைதான். ஆனால் ஏலத்தில் பெருந்தொகை கட்டி எடுக்க வல்லவர் யார்? சிறு ஆலைக்காரர் அங்கேயும் கடைசி வரிசையில்தான் நிற்கிறார். ரசீதையே ஈடாக வைத்து ஆலைக்குக் கடன் தரும் வங்கி பக்கத்தில் இருந்தால்தான் இந்த முறை இருவருக்கும் பயன்படும்.

கொட்டை வாங்கிவைத்தபின் விலை சரிந்தால் வரும் ஆபத்து இன்னொன்று. ஐவரி கோஸ்ட் அரசு பருவத் தொடக்கத்தில் விவசாயிக்குக் குறைந்தபட்ச விலை அறிவிக்கிறது. 2018-இல் கிலோவுக்கு 500 பிராங்க் அறிவித்தார்கள். அதே ஆண்டில் உலகச் சந்தை விழுந்தது. 2019-இல் அறிவித்த விலை 375 பிராங்க். முதல் ஆண்டில் நிறைய வாங்கிக் கிடங்கை நிரப்பிய ஆலைக்காரர் மறு ஆண்டு எழுந்திருப்பது கடினம். பெரிய நிறுவனம் ஒரு நாட்டில் விட்டதை மற்றொரு நாட்டில் பிடிக்கும். சிறியவருக்கு ஒரு கிடங்கு, ஒரு பருவம்தான். இந்தச் சரிவைத் தாங்கும் காப்பு ஏதும் சிறு ஆலைகளுக்கு இல்லாதது பெருங்குறை.

ஆயினும் ஐவரி கோஸ்ட் செய்துள்ள ஒரு வேலையைப் பாராட்டியாக வேண்டும். உடைத்து ஏற்றுமதி செய்யும் ஒவ்வொரு கிலோ பருப்புக்கும் 400 பிராங்க் வீதம் ஆலைகளுக்கு மானியம் கொடுக்க முன்வந்தது. இயந்திரத்துக்குக் கொடுத்தால் இயந்திரம் வரும்; பருப்புக்குக் கொடுத்ததால் பருப்பு வந்தது. பத்துப் பன்னிரண்டு ஆண்டுக்கு முன் அங்கு உடைபட்டது விளைச்சலில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. 2020களில் அது ஏறத்தாழக் கால் பங்கை எட்டியது; அதுவும் மொத்த விளைச்சல் 10 லட்சம் டன்னைத் தாண்டிய நாட்டில். ஆனால் வளர்ந்தவற்றில் வெளிநாட்டு முதலீட்டில் வந்த பெரிய ஆலைகளே அதிகம். மானியப் பணம் தாமதமாக வந்தால் பெரியவர் பொறுப்பார், சிறியவர் மூடுவார்.

பெனின் நாடு இன்னும் ஒரு படி மேலே போய் 2024 ஏப்ரல் முதல் கொட்டை ஏற்றுமதியையே தடை செய்தது. வரியைவிடத் தடை கடுமையான மருந்து. உள்ளூர் ஆலைகள் அவ்வளவு கொட்டையையும் வாங்க முடியாத ஆண்டில் விலை விழும். விவசாயி இரவோடிரவாக எல்லை தாண்டிக் கொட்டையைக் கடத்துவார். அவரைக் குறைகூறவும் முடியாது. 2018-இல் தான்சானியாவில் வியாபாரிகள் ஏலத்தில் கேட்ட விலை போதாது என்று அதிபர் மகுபுலி இராணுவத்தை விட்டே கொட்டையை வாங்கச் செய்தார். கிலோ 3,300 ஷில்லிங் என்று அறிவித்தது விவசாயிகளை மகிழ்வித்தது. பணம் கைக்கு வரப் பலர் காத்துக் கிடக்க நேர்ந்தது. அரசு கையில் சேர்ந்த கொட்டை விலைபோகாமல் தேங்கியது. இப்படி ஒரு பருவத்துக்கு ஒரு விதி என்று மாறிக்கொண்டிருந்தால் சிறு தொழிலில் பணம் போட யாருக்குத் துணிவு வரும்? வரி 18 சதவிகிதமா 10 சதவிகிதமா என்பதைவிட, ஐந்து ஆண்டுக்கு அதே வரி என்ற உறுதி முக்கியம்.

பழமும் பெண்களும்

கொட்டையைப் பற்றியே பேசும்போது பழம் மறந்துபோகிறது. கொட்டையைப் போலப் பல மடங்கு எடையுள்ள பழம் மரத்தடியில் அழுகுகிறது. கினி-பிசாவில் அப்படியல்ல. அங்குப் பெண்கள் பழத்தைப் பிழிந்து சாற்றைப் புளிக்கவைத்து விற்கிறார்கள். கொட்டை வருமானம் பெரும்பாலும் ஆண்கள் கைக்குப் போகிற குடும்பங்களில் பழத்தின் காசு பெண்களுடையது. அந்நாட்டின் ஏற்றுமதி வருவாயில் பத்தில் ஒன்பது பங்கு முந்திரிதான். கொட்டை கொடுத்து அரிசி வாங்கும் பண்டமாற்றும் அங்குப் பழக்கம். முந்திரி விலை விழுந்த ஆண்டில் ஒரு மூட்டை அரிசிக்குக் கூடுதல் கொட்டை அளக்க வேண்டியிருக்கும். சோற்றுப் பானையில் அது உடனே தெரியும். 80 கிலோ மூட்டைக்கு 50 பவுண்டுக்கு மேல் பருப்புக் காணும் உயர்ந்த கொட்டை விளையும் நாடு அது. ஆனாலும் அநேகமாக அத்தனையும் உடைக்காமலே கப்பலேறுகிறது.

பருப்புத் தொழிலிலும் உடைப்பது, தோல் நீக்குவது, பிரிப்பது எல்லாம் பெண்கள் கைதான், பண்ருட்டிக் கிராமங்களைப் போலவே. ஓட்டின் எண்ணெய் பட்டால் தோல் வெந்து உரியும். எண்ணெயும் சாம்பலும் பூசிக்கொண்டு உடைக்கும் பெண்கள் அந்த எரிச்சலை அறிவார்கள். சிறு தொழிலை ஆதரிக்கிறோம் என்று கூறி, கையுறை கூட வாங்கித் தராத ஆலையை வளர்ப்பது முறையல்ல. கடன் கொடுக்கும் நிறுவனங்கள் இதை நிபந்தனையாகவே எழுதலாம்.

தமிழ்நாட்டுக்கு என்ன?

ஆப்பிரிக்கா தானே உடைக்கத் தொடங்கினால் இங்குள்ள தொழில் என்னாகும் என்ற கேள்வி எழும். உடைப்பாலைக்காரருக்கு இடைஞ்சல் உண்டு. அதை மறைப்பதில் பயனில்லை. 2006-இல் பருப்பு ஏற்றுமதியில் இந்தியாவை வியட்நாம் முந்தியபின் ஏற்கெனவே நெருக்கடிதான். ஆனால் தோப்பு வைத்திருக்கும் விவசாயியின் கணக்கு வேறு. மலிவான வெளிநாட்டுக் கொட்டை குறையுமானால் உள்ளூர்க் கொட்டைக்குக் கிராக்கி கூடவே செய்யும். 2011 டிசம்பர் 30-இல் வீசிய தானே புயலில் கடலூர் மாவட்டத்தில் சாய்ந்த தோப்புகளுக்குப் பதிலாக ஒட்டுக் கன்றுகளை நட்டவர்கள் இதைக் கருத்தில் கொள்ளலாம். விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட வி.ஆர்.ஐ. 3 போன்ற ரகங்கள் கைவசம் இருக்கின்றன. பழைய நாட்டு மரத்தை வைத்துக்கொண்டு விலை ஏறும் என்று காத்திருப்பதில் அர்த்தமில்லை.

பண்ருட்டியில் குடிசைத் தொழிலாக உடைப்பவர்களின் நிலையும் நம்பூலாவின் சிறு ஆலைக்காரர் நிலையும் ஒரு விதத்தில் ஒன்றே. சொந்தப் பணத்தில் கொட்டை வாங்க முடியாதவர் வியாபாரியிடம் மூட்டை வாங்கி, கூலிக்கு உடைத்துக் கொடுக்கிறார். வேலை நிற்காமல் நடக்கும். இலாபம் மூட்டை கொடுத்தவருக்கு. ஆப்பிரிக்காவிலும் ஏற்றுமதியாளர் கொட்டை கொடுத்துக் கூலிக்கு உடைக்கச் சொல்லும் ஏற்பாட்டைச் சிலர் பரிந்துரைக்கிறார்கள். ஆலை பூட்டிக் கிடப்பதைவிட அது மேல். அதையே நிரந்தர வழியாகக் காட்டுவது, குத்தகைக்காரரை என்றும் குத்தகைக்காரராகவே வைத்திருப்பது போன்றது.

மொசாம்பிக்கின் விளைச்சல் இப்போது மீண்டும் ஆண்டுக்கு ஒரு லட்சம் டன்னைத் தாண்டியிருக்கிறது. ஆனால் 2000-க்குப் பிறகு தோன்றிய சிறு ஆலைகளில் சில 2018-க்குப் பின் மூடப்பட்டன. மரம் இருக்கிறது, கட்டடம் இருக்கிறது, வெட்டுக் கருவியும் துருப்பிடித்துப் போகவில்லை; உடைக்கத் தெரிந்த பெண்களும் அதே ஊரில்தான் இருக்கிறார்கள். அங்குக் கொட்டை விழத் தொடங்குவது அக்டோபரில். கடன் மனு மீது வங்கியோ உதவி நிறுவனமோ முடிவு சொல்ல வேண்டியது அதற்கு முன் செப்டம்பரில். டிசம்பரில் வரும் பணத்துக்குக் கிடைப்பது மழையில் நனைந்த கொட்டைதான்.